காதலும் வீரமும் காத்த தமிழ்த் தாத்தா

பண்டைத் தமிழ்ப் புலவர்கள் மக்கள் வாழ்வை அகம், புறம் என இரு கூறாகப் பகுத்துப் பாடினர். உள்ளத்தில் மலரும் காதல் அகமாகும். போர்க்களத்து வீரமும், கொடையும், புகழும் புறமாகும். அகப்பாட்டில் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்வது மரபன்று. அக்காதல் மாந்தர் அனைவருக்கும் பொதுவானது. புறப்பாட்டிலோ மன்னரின் பெயரும், அவர் செய்த அருஞ்செயலும் விளங்கத் தோன்றும்.

இப்பாடல்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை உடையவை. ஆயினும், 150 ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ் கற்ற புலவர்களிலேயே பலர் இவற்றைக் கண்டதில்லை என்றால் மாணவச் செல்வங்கள் வியப்படைவர். அவை ஓலைச் சுவடிகளில், மடங்களின் பரண்களிலும் புலவர் வீட்டுப் பெட்டிகளிலும் செல்லரித்துக் கிடந்தன. அவற்றைத் தேடிக் காத்த பெருமக்களுள் தலைசிறந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவரைத் தமிழுலகம் அன்புடன் தமிழ்த் தாத்தா என்றழைக்கிறது.

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவருடைய சொந்த ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். நிலையான வருவாய் இல்லாதவர். பிழைப்புக்காகவும், மகனின் கல்விக்காகவும் அக்குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்தது. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிட்டும், வடமொழி படித்தால் மறுமைக்கு உதவும், தமிழ் படித்து என்ன பயன் என்று உறவினர் கேட்டனர். இக்கேள்வி நம் பெற்றோர்களுக்கும் புதிதன்று. ஆனால் அச்சிறுவனின் உள்ளம் தமிழையே நாடிற்று. தந்தையாரும் அதற்குத் தடை சொல்லவில்லை.

1871ஆம் ஆண்டு முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டார். 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரைப் பிரியாதிருந்தார். பின்னர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனத் தாம் கற்றவற்றை ஐயர் நெடும் பட்டியலாக அடுக்கினார். முதலியாரோ, இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியின் ஏட்டைக்கூட ஐயர் அதுவரை படித்ததில்லை.

பிறராயின் சினங்கொண்டிருப்பர். ஐயரோ தாம் அறியாததை அறிய முனைந்தார். சிந்தாமணி சமண காவியமாதலின், சைவ மடத்தில் பயின்ற அவர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று பணிவுடன் ஐயம் தெளிந்தார். அச்சிடப் பொருள் போதாமையால் பலரிடம் கையொப்பம் பெற்றுப் பணம் திரட்டினார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. அதன்பின் 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாய் மலர்ந்தன.

இப்பணி எளிதாய் நடந்ததன்று. ஒரு நூலுக்குப் பல ஏடுகள் வேண்டும். ஒன்றில் விடுபட்டது மற்றொன்றில் இருக்கக்கூடும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு ஒரு காதற் பாட்டு. அதில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 மலர்களின் பெயர்கள் வருகின்றன. கையிலிருந்த பிரதிகளில் சில பெயர்கள் காணப்படவில்லை. ஐயர் சோர்வடையாது தேடித் தருமபுரம் மடத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். ஆனால் எல்லாத் தேடலும் இவ்வாறு இனிதே முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிச் சென்றபோது, அவை ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. எவரும் பகைகொண்டு அழிக்கவில்லை, மதிப்பறியாமையே அழித்தது.

புறநானூற்றில் 400 பாடல்கள் உள்ளன என்பர். ஆயினும் 267, 268 ஆகிய இரு பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அவற்றில் எந்த வீரனின் புகழ் இருந்ததோ, எந்தத் தாயின் கண்ணீர் இருந்ததோ! எஞ்சியவை நமக்குக் கிட்டியமையால்தான் தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின் ஒரே மகனையும் களத்திற்கு அனுப்பிய மறக்குடிப் பெண்ணை நாம் அறிகிறோம். அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமானையும் அறிகிறோம்.

இத்துறையில் ஐயர் தனியே நின்றவரல்லர். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இலேயே கலித்தொகையை அச்சேற்றினார். குறுந்தொகைக்கும் 1915இல் ஒரு பதிப்பு வந்திருந்தது. எனினும், ஐயர் தம் 82ஆம் வயதில், 1937இல், அக்காதற் பாடல்களுக்கு விரிவான உரையெழுதி வெளியிட்டார். முதுமையிலும் அவர் கை எழுதுகோலை விட்டதில்லை. போர்க்கால அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். மறு ஆண்டில் அவர் பெயரால் சென்னையில் ஒரு நூலகம் அமைக்கப்பட்டது.

வாளேந்திப் பகைவரை வெல்வது ஒரு வீரம். வறுமையையும் கடனையும் பொருட்படுத்தாது அறுபதாண்டுக் காலம் கரையானோடு போராடியது மற்றொரு வீரம். அவ்வீரத்திற்கு ஊற்றாய் இருந்தது தமிழின்பால் அவர் கொண்ட காதலே. அகத்தையும் புறத்தையும் காத்தவர் வாழ்வில் அவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்திருந்ததை நாம் காண்கிறோம்.

மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே! நம் தோட்டத்து வீடுகளில் ஓலைச் சுவடிகள் இல்லாதிருக்கலாம். ஆனால் பாட்டிமார் நெஞ்சில் தாலாட்டும், கும்மிப் பாட்டும், கப்பலேறி வந்த கதையும் இருக்கின்றன. அவையும் எழுதப்படாத ஏடுகளே. இவ்விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் பாட்டியின் அருகமர்ந்து ஒரு பாட்டையேனும் கேட்டு, குறிப்பேட்டில் எழுதி வருக. பள்ளி திறந்ததும் அவற்றை ஒன்றாகத் தைத்து நம் நூலக அலமாரியில் வைப்போம்.