நெல்சனின் கோட்டு

லண்டனில் கிரீனிச் பகுதியில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கோட்டு. நீலக் கம்பளித் துணி, தங்க முலாம் பூசிய பட்டன்கள். இடது தோளில் ஒரு ஓட்டை, துப்பாக்கிக் குண்டு போன ஓட்டை. வலது கை நுனியில் சின்னதாக ஒரு வளையம் தைத்திருக்கிறார்கள். போட்டவருக்கு வலது கை கிடையாது. தொங்குகிற காலிக் கையை மடித்து மார்புப் பட்டனில் மாட்டிக்கொள்ளத்தான் அந்த வளையம்.

1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் அட்மிரல் ஹொரேஷியோ நெல்சன் போட்டிருந்த கோட்டு இது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போன அதே நெல்சன்தான். இந்தக் கோட்டு கப்பலிலிருந்து நேராக அருங்காட்சியகத்துக்கு வரவில்லை. நாற்பது வருஷம் கைமாறி, கடனில் மாட்டி, கடைசியில் விலைக்கு வந்தது. அது ஏன் என்று புரிய அவர் கதையையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

1758இல் நார்ஃபோக் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பாதிரியார் மகனாகப் பிறந்தவர். ஒன்பது வயதில் அம்மா இறந்துட்டாங்க. மாமா கப்பல் கேப்டன், அவர் தயவில் 12 வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 15 வயதில் 'சீஹார்ஸ்' என்ற கப்பலில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். 1774இல் நம்ம மெட்ராசுக்கும் வந்திருக்கிறார். அடுத்த வருஷம் கம்பெனிப் பணத்தை மெட்ராசிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுபோகும் வழியில் ஹைதர் அலியின் கப்பல்களோடு ஒரு மோதல். அவர் வாழ்க்கையில் பார்த்த முதல் சண்டை அதுதான். அப்புறம் மலேரியா வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்ற நிலைமையில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு உடம்பு துண்டு துண்டாகப் போனது. 1794இல் கோர்சிகா தீவில் கல்வி என்ற ஊரை முற்றுகையிட்டபோது (படிக்கிற கல்வி இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்) குண்டு விழுந்து சிதறிய கல்லும் மண்ணும் பட்டு வலது கண்ணில் பார்வை போச்சு. கண் அப்படியேதான் இருந்தது, பார்வை மட்டும்தான் இல்லை. சினிமாவில் காட்டுகிற மாதிரி அவர் கறுப்புத் துணியெல்லாம் கட்டவில்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். 1797 ஜூலையில் டெனரீஃப் தீவைத் தாக்கப் போய்த் தோற்றுத் திரும்பினார். வலது கையும் போனது. சில நாளிலேயே இடது கையால் எழுதப் பழக ஆரம்பித்துவிட்டார். அதனால் இன்றைக்குத் தேதி இல்லாத நெல்சன் கடிதம் ஒன்று கிடைத்தாலும், எழுத்தைப் பார்த்தே அது 1797 ஜூலைக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லிவிடலாம்.

1798 ஆகஸ்ட் 1 அன்று எகிப்தில் நைல் கழிமுகத்துக்குப் பக்கத்தில் நெப்போலியனின் கப்பல் படையை நொறுக்கினார். இந்தச் சண்டைக்கும் நம்ம பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கு. பிரெஞ்சுக்காரர்கள் வருவார்கள் என்று திப்பு சுல்தான் எதிர்பார்த்திருந்த நேரம் அது. ஜெயித்த கையோடு நெல்சன் தரைவழியாக ஒரு அதிகாரியைப் பம்பாய்க்கு அனுப்பி விஷயத்தைச் சொல்லவைத்தார். அடுத்த வருஷம் மே 4 அன்று திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி நெல்சனுக்கு 10,000 பவுண்டு அன்பளிப்பு கொடுத்தது. கம்பெனிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாதா என்ன.

பரிசுகளிலேயே எனக்குப் பிடித்தது துருக்கி சுல்தான் கொடுத்த 'செலெங்க்'. தொப்பியில் செருகும் வைரக் கொத்து, மொத்தம் 13 கதிர்கள். நடுவில் ஒரு வைர நட்சத்திரம். கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் அந்த நட்சத்திரம் சுழலும்! தலையில் ஒரு மெக்கானிசத்தை வைத்துக்கொண்டு விருந்துக்குப் போன அட்மிரல் வேறு யாராவது இருப்பாரா? இன்னொரு பரிசு இதைவிட விசித்திரம். நைல் சண்டையில் வெடித்துச் சிதறிய 'ஓரியன்' கப்பலின் பாய்மரத்தில் சவப்பெட்டி செய்து, சக கேப்டன் ஒருவர் அனுப்பிவைத்தார். நெல்சன் கோபித்துக்கொள்ளவில்லை. தன் அறையில் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டார். கடைசியில் அதில்தான் புதைக்கப்பட்டார்.

அவரைத் தெய்வமாக்கிச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. 1799இல் நேப்பிள்ஸில் கராச்சியோலோ என்ற அட்மிரலை அவசர அவசரமாக விசாரிக்க வைத்து, அன்று மாலையே கப்பலில் தூக்கில் போட்டார். அந்தக் கறை போகவில்லை. அடிமை வியாபாரத்தை ஒழிக்கச் சொன்னவர்கள் பக்கமும் அவர் நிற்கவில்லை, கரும்புத் தோட்ட முதலாளிகள் பக்கம்தான் நின்றார். நேப்பிள்ஸில்தான் பிரிட்டிஷ் தூதரின் மனைவி எம்மா ஹாமில்டனோடு காதலும் வளர்ந்தது. 1801இல் மகள் ஹொரேஷியா பிறந்தாள். மனைவி ஃபிரான்சிஸை அந்த வருஷமே முழுசாக விட்டுவிட்டார்.

டிரஃபால்கர் அன்று காலையில், எதிரிக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு, உட்கார்ந்து உயிலோடு சேர்க்க ஒரு குறிப்பு எழுதினார். எம்மாவையும் ஹொரேஷியாவையும் நாடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஹார்டி, பிளாக்வுட் என்ற இரண்டு கேப்டன்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மதியம் ஒன்றேகால் மணி வாக்கில் பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத் தட்டிலிருந்து வந்த குண்டு இடது தோளில் நுழைந்து முதுகெலும்பை உடைத்தது. நாலரை மணிக்கு இறந்தார்.

பளபளக்கும் பதக்கங்களை மாட்டிக்கொண்டு நின்றதால்தான் குறிவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கோட்டைப் பார்த்தால் அது உண்மையில்லை என்று தெரியும். அது தினசரி உடுப்பு. அதில் இருக்கும் நான்கு நட்சத்திரங்களும் உலோகம் இல்லை, ஜரிகை வேலை, அதுவும் எப்பவுமே தைத்திருப்பவை. இடது கையிலும் கோட்டின் வாலிலும் உள்ள ரத்தக் கறைகூடப் பெரும்பாலும் அவருடையது இல்லையாம். கொஞ்சம் முன்னால் அதே தளத்தில் இறந்த அவர் செயலாளர் ஸ்காட்டின் ரத்தமாக இருக்கலாம் என்கிறார்கள். குண்டை எடுத்த டாக்டர் பீட்டி, தோள்பட்டை ஜரிகை இழைகள் ஒட்டியிருந்த அந்தக் குண்டைப் பதக்கப் பெட்டி மாதிரி செய்து வைத்துக்கொண்டார். இப்போது அது வின்ட்சர் கோட்டையில் இருக்கு.

சேகரிப்பு அடக்கத்தன்றே ஆரம்பித்துவிட்டது. 1806 ஜனவரியில் செயின்ட் பால் தேவாலயத்தில் கொடியைச் சவப்பெட்டியோடு புதைக்க வேண்டிய நேரத்தில், மாலுமிகள் அதைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அரசாங்கமும் கொடுத்தது. அண்ணன் வில்லியமுக்குப் பிரபு பட்டமும் வருஷத்துக்கு 5,000 பவுண்டும், மனைவி ஃபிரான்சிஸுக்கு 2,000 பவுண்டும் கிடைத்தன. எம்மாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நெல்சன் தனியாக எழுதி வைத்த வீடும் கொஞ்சம் பணமும் இருந்தன. ஆனால் எம்மா பெரிய செலவாளி, எதையும் காப்பாற்ற முடியவில்லை. 1813இல் கடனுக்காகக் கைதானாள். கோட்டு அவளிடம்தான் இருந்தது. ஹார்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது கடனுக்கு ஈடாக ஸ்மித் என்ற லண்டன் நகரப் பிரமுகரிடம் போனது. 1814இல் நெல்சன் அவளுக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்து ஊரெல்லாம் படித்தது. மகளைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்கு ஓடி, 1815 ஜனவரியில் கலே நகரத்தில் வறுமையில் செத்தாள்.

1845இல் நிக்கோலஸ் என்ற அறிஞர் நெல்சனின் கடிதங்களைத் தேடித் தேடித் தொகுத்துக்கொண்டிருந்தார் (அது ஏழு தொகுதிகளாக வந்தது). அப்போதுதான் ஸ்மித்தின் விதவையிடம் கோட்டு இருப்பது தெரிந்தது. விலை 150 பவுண்டு. நன்கொடை திரட்டலாம் என்று அவர் யோசிக்க, விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் தானே வாங்கிக் கிரீனிச்சுக்குக் கொடுத்துவிட்டார். எம்மா செத்து முப்பது வருஷம் கழித்து அவள் அடகுப் பொருளுக்கு அரச குடும்பத்துப் பணம் வந்தது.

பதக்கங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1900இல் கிரீனிச்சில் திருட்டு நடந்து தங்கப் பதக்கங்கள் போயின. 1951இல் சுழலும் செலெங்க்கும் போச்சு. பல வருஷம் கழித்துப் பிரபல திருடர் ஒருவர் தான்தான் எடுத்ததாக ஒத்துக்கொண்டார். வைரங்களைப் பிரித்துவிட்டார்களாம். அந்த மெக்கானிசம் என்னவாச்சோ.

இந்த இடத்தில் நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று வருது. ரோல்ஸ் ராய்ஸ். அதில் உள்ள சார்லஸ் ரோல்ஸின் அம்மா லேடி லாங்கட்டாக் நெல்சன் பொருள்கள் மேல் பைத்தியமாக இருந்தவர். வாள், கடிதங்கள், கண்ணாடிச் சாமான் என்று வாங்கிக் குவித்தார். சார்லஸ் 1910இல் விமான விபத்தில் இறந்தார். மற்ற இரண்டு மகன்களும் 1916இல் போய்விட்டார்கள், அதில் ஒருவர் சோம் போர்முனையில் காயம்பட்டு. மிஞ்சிய மகள் எலினார் 1919இல் பிரிட்டனின் பெண் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1923இல் அம்மா இறந்தபோது சேகரிப்பு முழுவதும் மான்மத் நகரத்துக்குப் போனது, அடுத்த வருஷம் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

அந்தச் சேகரிப்பில் நெல்சனின் கண்ணாடிக் கண் என்று ஒன்று இருக்கு. அவருக்குத்தான் கண் போகவே இல்லையே! ஆசையோடு வாங்குகிறவருக்கு விற்க ஆள் இல்லாமலா போகும். நல்ல விஷயம், அருங்காட்சியகம் அதை ஒளித்துவைக்கவில்லை. போலி என்று சொல்லியே வைத்திருக்கிறது.

போலி செய்யக் கஷ்டமானது காகிதம்தான். 2002இல் நெல்சனின் நண்பரும் பண விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவருமான டேவிசனின் குடும்பத்திலிருந்து ஒரு குவியல் ஏலத்துக்கு வந்தது. சுமார் 20 லட்சம் பவுண்டுக்குப் போனது. ரத்தக் கறை படிந்த பணப்பை, நகை எல்லாம் இருந்தன. ஆனால் முக்கியமானது மனைவி ஃபிரான்சிஸ் டேவிசனுக்கு எழுதிய எழுபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். அதுவரை புத்தகங்களில் அவர் உணர்ச்சியே இல்லாத, சிடுசிடுத்த மனைவி. கடிதங்களில் இருப்பவர் புருஷன் திரும்பி வருவார் என்று வருஷக்கணக்கில் முயற்சி செய்த பெண். இருநூறு வருஷம் தப்பாகவே எழுதியிருக்கிறார்கள்.

எம்மாவுக்கு அப்படி ஒரு பெட்டி கிடைக்க வழியில்லை. நெல்சனின் கடிதங்களை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அவள் எழுதியதையெல்லாம் அவர் படித்ததும் எரித்துவிடுவார். மிஞ்சிய கொஞ்சத்தில் சில, 1805 அக்டோபரில் அவள் எழுதி, அவர் இறந்த பிறகு போய்ச் சேர்ந்து, பிரிக்காமலே திரும்பி வந்தவை.