நாவலர் பெருமானின் இயல்பும் பணியும்

ஒரு மனிதருடைய இயல்பு அவர் செய்யும் தொழிலை மட்டுமன்றி, அவரைச் சூழ்ந்த சமூகத்தின் போக்கையும் வகுத்துவிடுவதுண்டு. இதற்கு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களின் வாழ்க்கையினும் சிறந்த சான்றை நாம் தேடவேண்டியதில்லை.

1822ஆம் ஆண்டு மார்கழியில் நல்லூரிற் பிறந்த நாவலர், தாம் கற்ற வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயே ஆசிரியராயினார். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபோது உடனிருந்து உதவினார். பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம் ஆகிய மூன்றையும் ஒரு சபையாகக் கூடிநின்று நடத்துவதே மிஷனாரின் வலிமை. சைவரிடையே கற்றோரும் செல்வரும் இருந்தனர். அத்தகைய கூட்டு முயற்சியே இல்லாதிருந்தது.

குறையைப் பேசி நொந்துகொள்வது பலரின் இயல்பு. அதனைத் தாமே தீர்க்க முற்படுவது நாவலரின் இயல்பு. 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறுவருடம் உத்தியோகத்தைத் துறந்து, அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849இல் தமிழகஞ் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் பட்டமும், சென்னையில் ஓர் அச்சியந்திரமும் பெற்று மீண்டார். பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் அச்சேறின. இல்லறத்தை நாடாது, வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே ஈந்தார். 1877இற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார்.

அவருடைய உறுதி அன்பரைச் சேர்த்தது. அதன் கடுமை பகைவரையும் சேர்த்தது. சாதி வேற்றுமையை அவர் ஏற்றே நின்றமையால், அவர் கூட்டிய சமூகத்தில் எல்லாச் சைவருக்கும் ஒத்த இடம் கிடைக்கவில்லை. அக்கதவைத் திறத்தல் பின்வந்தோரின் கடனாயிற்று.

1872இல் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை பொருளின்மையால் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருவர் தோள்மேல் மாத்திரம் நின்ற சுமை அது. 1879இல் நாவலர் சிவபதம் அடைந்தார். அவர் விட்ட குறையை நிறைவுசெய்ய 1888இற் சைவ பரிபாலன சபை தோன்றிற்று. 1890இல் அச்சபை பொறுப்பேற்ற ஆங்கிலப் பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. தனியொருவரால் இயலாதது, பலர் தோள்கொடுத்தபோது கைகூடிற்று.

தொடங்குவதற்கு ஒருவரின் உறுதி போதும். நிலைபெறுவதற்குப் பலரின் பொறுப்பு வேண்டும். கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரும் பழைய மாணவராகிய நாம் சங்கமாகக் கூடுவதன் பயன் இதுவேயாம். இன்று கற்கும் மாணவரும் நாளை அவ்வரிசையில் வந்து நிற்பாராக.