பேச்சிப்பாறை கட்டிய மூக்கன் துரை



மழைக்காலத்தில் பேச்சிப்பாறை நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று பேப்பரில் தேடிப் பார்க்கிறோம். முழு மட்டம் 48 அடி என்பதும் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த அணையைக் கட்டியவர் யார் என்று கேட்டால், வெளியூரிலிருந்து தக்கலைக்குக் குடிவந்தவர்கள் பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின். 1868-ல் பிறந்த ஐரோப்பியப் பொறியாளர். மூக்கு நீளமாக இருந்ததால் நம் ஊர் மக்கள் அவரை மூக்கன் துரை என்றே அழைத்தார்கள். பெயர் வாயில் நுழையவில்லை என்றாலும் மனிதர் மனதில் நுழைந்துவிட்டார்.

அன்று நம் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மேற்கு மலையில் பெய்யும் மழை கோதையாற்றில் இறங்கி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் கடலில் கலந்துவிடும். நாஞ்சில் நாட்டு வயல்களோ பழையாற்றையும் குளங்களையும் நம்பி நின்றன. மழை பொய்த்தால் பயிர் காய்ந்தது. மலையிலே தண்ணீர், வயலிலே தாகம். இந்தக் கணக்கை நேர் செய்ய வேண்டியிருந்தது.

ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் அணை வேலை தொடங்கியது. மிஞ்சினுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அடர்ந்த காடு, அட்டை, யானை, ஓயாத மழை. இன்றைய இயந்திரங்கள் எதுவும் கிடையாது. 1906-ல் வேலை முடிந்தபோது செலவு சுமார் 26 லட்சம் ரூபாய். கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே கிழக்கே திரும்பியது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்கும் ஒரு பிடிமானம் கிடைத்தது. பெருஞ்சாணியும் சிற்றாறும் பின்னாளில் வந்து சேர்ந்த அணைகள்.

1913-ல் மிஞ்சின் காலமானார். 45 வயது நிறையவில்லை. தான் கட்டிய அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். குடும்பத்தோடு பேச்சிப்பாறை போகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து, படம் எடுத்து, மீன் வாங்கித் திரும்புகிறோம். அடுத்த முறை அந்தக் கல்லறை முன்பும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கும் அவர் கதையைச் சொல்லுங்கள்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எதையும் வரவு செலவாகவே பார்த்துப் பழகிவிட்டேன். ஒன்பது ஆண்டு உழைப்பு அவர் போட்ட முதல். நூறு ஆண்டு தாண்டியும் நாம் வட்டியை அனுபவிக்கிறோம். முதலையாவது காப்பாற்ற வேண்டாமா? பத்மநாபபுரம் புத்தனாறு சானலில் தண்ணீர் ஓடினால் பக்கத்துக் கிணறுகளிலும் ஊற்று கூடும். அந்தச் சானல்களில்தான் பிளாஸ்டிக் பையும் கழிவுநீரும் சேர்கின்றன. நம் குடியிருப்பிலிருந்து ஒரு குப்பைப் பைகூட சானலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வோம். மூக்கன் துரைக்கு நாம் செலுத்தக்கூடிய தவணை அதுதான்.