துன்பத்தின் நடுவே விசுவாசம் கண்ட தாய்
புனித எலிசபெத் ஆன் சீற்றன்

ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டால் நாம் எல்லோரும் போகிறோம். இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்கிறோம். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். ஆனால் கணவனை இழந்த அந்த வீட்டுத் தாய்க்கு அதன் பிறகுதான் நாட்கள் நீளத் தொடங்குகின்றன. பிள்ளைகளின் பசி, படிப்புச் செலவு, கடன்காரரின் முகம், உறக்கம் வராத இரவுகள். இவற்றின் நடுவே கடவுள் எங்கே இருக்கிறார் என்று அவள் உள்ளம் கேட்கிறது. வாய்விட்டுக் கேட்கத்தான் தயங்குகிறாள்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்ததுண்டானால், இன்று நாம் சொல்லப்போகும் வரலாறு உங்களுக்கே உரியது. திருச்சபை பீடத்தில் ஏற்றி வைத்திருக்கும் இந்தப் புனிதை ஒரு விதவை. ஐந்து பிள்ளைகளின் தாய்.

செல்வமும் சேவையும்

எலிசபெத் 1774ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆந் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். தந்தை றிச்சாட் பெய்லி பெயர்பெற்ற வைத்தியர். குடும்பத்தார் அங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எப்பிஸ்கோப்பல் சபையினர். மூன்று வயது நிரம்பு முன்னரே எலிசபெத் தாயை இழந்தார். மறு ஆண்டு சின்னத் தங்கையும் இறந்தாள். தந்தை மறுமணம் செய்தார். வந்த சிறிய தாயாரிடம் அன்பு கிடைக்கவில்லை. தந்தையோ மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றுவிடுவார். சிறுமி உறவினர் வீடுகளில் வளர வேண்டியதாயிற்று. தனிமையில் வேதாகமத்தை வாசித்துச் செபிக்கும் பழக்கம் அந்த நாட்களிலேயே அவரிடம் வேரூன்றியது.

1794ஆம் ஆண்டு, பத்தொன்பதாவது வயதில், வில்லியம் சீற்றன் என்ற இளம் வணிகரை மணந்தார். கடல் கடந்து வாணிபம் செய்த செல்வக் குடும்பம் அது. அன்னா மரியா, வில்லியம், றிச்சாட், கத்தரின், றெபெக்கா என ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். 1797ஆம் ஆண்டு, சிறு பிள்ளைகளோடு வறுமையில் வாடும் விதவைகளுக்கு உதவவென நியூயோர்க்கில் சீமாட்டிகள் சிலர் ஒரு சங்கம் அமைத்தார்கள். எலிசபெத் அதன் பொருளாளரானார். ஏழை விதவைகளின் வீடு தேடிச் சென்று உதவினார். இன்னும் ஆறே ஆண்டுகளில் தாமும் அதே நிலைக்கு வரப்போவதை அன்று அவர் அறிந்திருக்கவில்லை.

அடிமேல் அடி

1798இல் மாமனார் இறந்தார். அவருடைய இளம் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் இருபத்துநான்கு வயதுகூட நிரம்பாத எலிசபெத்தின் தலையில் விழுந்தது. கடலிற் கப்பல்கள் போயின, சரக்குகள் போயின, வியாபாரம் வங்குரோத்தானது. வீட்டுச் சாமான்களின் பட்டியலைக்கூடக் கடனுக்காகக் கையளிக்க வேண்டி வந்தது.

1801இல் அடுத்த அடி. தந்தை பெய்லி அப்போது நியூயோர்க் துறைமுகத்தின் சுகாதார அதிகாரி. ஐரிஷ் ஏழைகள் கப்பல் கப்பலாக நோயோடு வந்திறங்கினார்கள். அவர்களுக்கு வைத்தியம் செய்த அவர், மஞ்சட் காய்ச்சல் தொற்றி உயிர்விட்டார்.

இதற்கிடையில் கணவர் வில்லியத்துக்குக் கசநோய் முற்றிவிட்டது. இதமான காற்றுள்ள இத்தாலிக்குச் சென்றால் குணமாகலாம் என்ற கடைசி நம்பிக்கையில், 1803 ஒக்டோபரில் கணவரோடும் எட்டு வயது அன்னாவோடும் எலிசபெத் கப்பலேறினார். மற்ற நான்கு குழந்தைகளையும் உறவினரிடம் விட்டுச் சென்றார். கடைக்குட்டி றெபெக்காவுக்கு அப்போது வயது ஒன்று.

ஏழு வாரப் பயணத்தின் பின் கப்பல் லிவோர்ணோ துறைமுகத்தை அடைந்தது. ஆனால் நியூயோர்க்கில் மஞ்சட் காய்ச்சல் பரவியிருந்த செய்தி அவர்களுக்கு முன்னே வந்துவிட்டது. நோயாளியைக் கண்ட அதிகாரிகள் மூவரையும் கடலோரத்துத் தொற்றுத்தடுப்பு மாளிகையில் அடைத்தார்கள். மாளிகை என்பது பெயருக்குத்தான். ஈரம் கசியும் கற்சுவர், வெறும் செங்கல் தளம், குளிர்காற்று. குணம் தேடி வந்தவருக்குக் கிடைத்த இடம் அது. அங்கே முப்பது நாட்கள் கழிந்தன.

வாசகர்களே, அந்த அறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கணவர் இருமி இருமி இரத்தம் கக்குகிறார். குழந்தை குளிரில் நடுங்குகிறாள். தாய் குழந்தையைக் கயிறடித்துத் துள்ள வைத்துச் சூடேற்றுகிறாள், தானும் துள்ளுகிறாள். பின்னர் கணவரின் கட்டிலருகே முழந்தாளிட்டு வேதாகமம் வாசிக்கிறாள். செல்வ நாட்களில் சமயத்தில் அவ்வளவு பற்றில்லாதிருந்த வில்லியம், அந்தச் சிறைபோன்ற அறையில்தான் மனைவியோடு மனமுருகிச் செபிக்கக் கற்றார். டிசெம்பர் 19இல் விடுதலை கிடைத்தது. எட்டாம் நாள், டிசெம்பர் 27இல், பீசா நகரில் அவர் கண்களை மூடினார். எலிசபெத்துக்கு வயது இருபத்தொன்பது.

ஒரு கத்தோலிக்க வீடு

அந்நிய நாட்டில் தனித்து நின்ற விதவையையும் குழந்தையையும் ஏற்றுக்கொண்டது ஒரு கத்தோலிக்கக் குடும்பம். கணவரின் வியாபார நண்பர்களான பிலிக்கி சகோதரர்கள், பிலிப்போவும் அந்தோனியோவும், தங்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். முதலில் அன்னாவும் பின்னர் தாயும் செங்காய்ச்சலில் விழுந்தபோது அந்த வீட்டாரே இரவும் பகலும் பராமரித்தார்கள்.

எலிசபெத் அந்த வீட்டைக் கவனித்தார். அந்தோனியோவின் மனைவி அமபிலியா தபசுகாலத்தில் பிற்பகல் மூன்று மணிவரை ஒருசந்தி இருப்பதைக் கண்டார். அவர்கள் பூசைக்குப் போவதைக் கண்டார். நற்கருணையில் ஆண்டவர் மெய்யாகவே எழுந்தருளியிருக்கிறார் என்று அவர்கள் எளிமையாக நம்புவதைக் கண்டபோது அவருடைய உள்ளம் ஏங்கியது. மூன்று வயது நிரம்பு முன்னரே தாயை இழந்தவரல்லவா? தமக்கு ஒரு விண்ணகத் தாய் உண்டு என்பதும் அவரை ஆழமாகத் தொட்டது. அந்தோனியோவிடம் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொண்டார்.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அந்த வீட்டார் வேத விளக்கங்களும் சொன்னார்கள். ஆனால் விளக்கத்துக்கு முன் கஞ்சி கொடுத்தார்கள். காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். தங்கள் செபத்தை வழக்கம்போல் செபித்தார்கள். ஒரு புனிதை உருவானது அங்கேதான்.

விசுவாசத்துக்கு விலை

1804 ஜூனில் எலிசபெத் அந்தோனியோவின் துணையோடு நாடு திரும்பினார். உயிருக்குயிரான மைத்துனி றெபெக்கா மரணப்படுக்கையில் இருந்தார். அடுத்த மாதம் அவரும் போனார். கத்தோலிக்க மறையில் சேரும் எண்ணத்தை அறிந்ததும் உறவினரும் நண்பரும் எதிர்த்தார்கள். பல மாதங்களாக எலிசபெத் இருமனத்தோடு தவித்தார். தமது பழைய ஆலயத்தில் அமர்ந்திருக்கும்போதும், அடுத்த தெருவிலிருந்த கத்தோலிக்க ஆலயத்தின் திசை நோக்கி, அங்குள்ள நற்கருணை நாதரை நினைத்துச் செபிப்பாராம்.

1805 மார்ச் 14ஆந் திகதி நியூயோர்க் புனித இராயப்பர் ஆலயத்தில் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளில், முதன்முறையாக நற்கருணை உட்கொண்டார். அந்த ஆலயத்து மக்களிற் பெரும்பாலோர் ஐரிஷ் ஏழைகள். தந்தை யாருக்காக உயிர்விட்டாரோ அவர்களோடு ஒரே பந்தியில் மகளும் முழந்தாளிட்டார்.

கையில் பணமில்லை. பாடசாலையொன்றில் சேர்ந்து உழைக்க முயன்றார், அது நிலைக்கவில்லை. மாணவரைத் தங்கவைத்துப் பராமரித்தார். இளைய மைத்துனி செசிலியாவும் 1806இல் கத்தோலிக்கரானதும் எதிர்ப்பு மேலும் மூண்டது. பெற்றார் பிள்ளைகளை விலக்கிக்கொண்டார்கள். உறவு வீடுகளின் கதவுகள் சாத்தப்பட்டன. புதிய மறை ஆறுதலைத் தந்ததேயன்றி அரிசிப் பானையை நிரப்பவில்லை. அப்போதும் அவர் பின்வாங்கவில்லை.

தாயும் அன்னையும்

1808இல் டுபூர்க் என்ற குருவானவரின் அழைப்பை ஏற்று பால்டிமோர் நகருக்குச் சென்று பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார். சில இளம் பெண்கள் அவரோடு இணைந்தார்கள். 1809 மார்ச் 25இல் பேராயர் ஜோன் கரோல் முன்னிலையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அன்று முதல் மதர் சீற்றன் என்று அழைக்கப்பட்டார். அதே ஆண்டு மேரிலாந்திலுள்ள எமிற்ஸ்பேர்க் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, ஜூலை 31இல் அன்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அமெரிக்க ஐக்கிய நாட்டு மண்ணிலேயே தோன்றிய முதலாவது கன்னியர் சபை அது. நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் சபையின் பாதுகாவலராக நாம் அறிந்த புனித வின்சென்ட் டி போல், தம் சகோதரிகளுக்கு வகுத்த ஒழுங்கையே இவர்களும் தழுவிக்கொண்டார்கள்.

தொடக்கம் கடினமானது. சிறிய கல்வீட்டில் நெருக்கமாகப் படுத்தார்கள். மாரிகாலத்தில் கூரை இடுக்கால் பனி உள்ளே விழுந்தது. கோப்பிக்கொட்டை வாங்க வசதியின்றி கரட்டை வறுத்துக் கோப்பி தயாரித்தார்கள். ஆயினும் 1810 பெப்ருவரியில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலை திறக்கப்பட்டது. 1814இல் பிலடெல்பியாவிலும் 1817இல் நியூயோர்க்கிலும் அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கச் சகோதரிகள் சென்றார்கள்.

துறவறத்தில் புகுந்தபோதும் எலிசபெத் தம் பிள்ளைகளைத் துறக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கும் கடமை முதலில் வரவேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். சபையின் ஒழுங்கும் அதற்கு இடமளித்தது.

அந்தப் பிள்ளைகள் வழியாகவே அடுத்த வாள் அவரது இருதயத்தை ஊடுருவியது. 1812 மார்ச் 12இல், லிவோர்ணோ அறையில் அவரோடு கயிறடித்த அன்னா, பதினாறு வயதில் கசநோயால் இறந்தாள். மரணப்படுக்கையில் அவளும் சபையில் வார்த்தைப்பாடு கொடுத்திருந்தாள். அந்த மரணத்தின்பின் மாதக்கணக்காக எலிசபெத் இருளில் நடந்தார். தம் மனம் நிலைகுலைந்துவிடுமோ என்று அஞ்சுமளவுக்குத் துயரம் அவரை அழுத்தியது. செபத்தில் இனிமை இல்லை. ஆனால் செபநேரத்துக்கு மணி அடித்தால் எழுந்து போனார். பாடசாலை நேரம் வந்தால் பிள்ளைகள் முன் நின்றார். நோயாளர் அழைத்தால் அவர்கள் கட்டிலருகே போனார்.

1816 நவம்பரில் கடைக்குட்டி றெபெக்காவும் போனாள். பனிக்கட்டியில் விழுந்து இடுப்பில் அடிபட்டு, நெடுங்காலம் நொண்டி, வேதனைப்பட்டு, பதினான்கு வயதில் தாயின் கைகளிலேயே உயிர்விட்டாள். ஆண்பிள்ளைகள் இருவரும் ஒரு தொழிலில் நிலைகொள்ளாமல் தாய்க்குக் கவலை தந்தார்கள். அவர்களுக்காக அவர் ஓயாது கடிதம் எழுதினார், ஓயாது செபித்தார்.

குடும்பத்திற் பலரைக் கொண்டுபோன அதே கசநோய் கடைசியில் அவரையும் பற்றியது. 1821 ஜனவரி 4ஆந் திகதி, நாற்பத்தாறாவது வயதில், எமிற்ஸ்பேர்க்கில் இறைவனடி சேர்ந்தார். மகள் கத்தரின் அருகில் இருந்தார். அவர் பின்னாளில் இரக்கத்தின் சகோதரிகள் சபையிற் சேர்ந்து, சிறைக்கைதிகளுக்குத் தொண்டாற்றி, 1891இல் தொண்ணூறாவது வயதில் மறைந்தார்.

1963 மார்ச் 17இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் எலிசபெத்தை முத்திப்பேறு பெற்றவராகவும், 1975 செப்டெம்பர் 14இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் புனிதையாகவும் அறிவித்தார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பிறந்து புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர்களுள் முதல்வர் இவரே.

நமக்கு ஒரு பாடம்

அன்பார்ந்த வாசகர்களே, துன்பம் தீர்ந்தபின் விசுவாசம் வரும் என்று நாம் காத்திருக்கிறோம். கடன் அடையட்டும், நோய் மாறட்டும், மகளுக்கு ஒரு வழி பிறக்கட்டும், பிறகு கடவுளுக்கு நேரம் கொடுக்கலாம் என்கிறோம். எலிசபெத்தின் வாழ்வில் அந்த ஓய்ந்த நாள் வரவேயில்லை. அழுகையின் நடுவிலேயே அவர் விசுவாசத்தைக் கண்டார். கண்ட பிறகும் அழுதார். அவருக்குக் கிடைத்த பலம் ஒவ்வொரு நாளின் கடமைக்கும் போதுமான பலம். அது நாள்தோறும் கிடைத்துக்கொண்டே இருந்தது.

செபிக்க முடியவில்லையே என்று இன்று நீங்கள் வருந்துகிறீர்களா? இந்தப் புனிதையும் அப்படி இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுந்து விளக்கேற்றி, பிள்ளைகளோடு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் வீட்டில் துன்பம் இல்லையா? அப்படியானால் உங்கள் அயலில், முப்பத்தோராம் நாளோடு எல்லோரும் மறந்துவிட்ட ஒரு வீடு இருக்கும். பிலிக்கி குடும்பத்தார் திறந்த கதவை நினைத்து, இந்த வாரம் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.