பாலைவனத்தில் கார் ஓட்டிய ஓவிய ராணி

சுற்றிலும் பாலைவனம். சிவந்த மண். மஞ்சள் நிறப் பாறைகள். நிழலுக்கு ஒதுங்க மரம் இல்லை.

நடுவே ஒரு மோட்டார் கார் நிற்கிறது. உள்ளே ஒரு பெண்மணி, முன் சீட்டைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பின் சீட்டில் சித்திரத் துணி. கையில் தூரிகை!

அவர்தான் ஜார்ஜியா ஓகீப். அமெரிக்காவின் புகழ் பெற்ற ஓவியர்.

1887-ம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிகளில் சித்திரம் கற்றுக் கொடுத்தார். பிறகு நியூயார்க் சென்றார். 1924-ல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்பட நிபுணரை மணந்தார்.

கணவர் 23 வயது மூத்தவர். மனைவியின் ஓவியங்களை உலகறியச் செய்தவர் அவரே. ஆனால் சில ஆண்டுகளில் அவர் மனம் வேறொரு பெண்ணிடம் சென்றது.

1929-ல் ஓகீப் ஒரு சிநேகிதியுடன் ரெயில் ஏறினார். போய் இறங்கிய இடம், நியூ மெக்சிகோ பாலைவனம்.

41 வயதில்...

அப்போது அவருக்கு வயது 41. அந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக் கொண்டார்! சொந்தமாக ஒரு போர்டு காரும் வாங்கினார். கண்ணுக்குப் பிடித்த இடத்தில் காரை நிறுத்துவார். அங்கேயே வரைவார்.

பிற்பகலில் தேனீக்கள் மொய்க்கும். கண்ணாடியை ஏற்றி விடுவார். உள்ளே அடுப்படிபோல் வேகும். வேலை மட்டும் நிற்காது.

வெளியூர் போனவர்கள் பலகாரம் வாங்கி வருவார்கள். ஓகீப் 1930-ல் நியூயார்க்குக்கு அனுப்பியது என்ன தெரியுமா? ஒரு பீப்பாய் நிறைய எலும்புகள்! பாலைவனத்தில் செத்த மாடுகளின் எலும்புகள் அவை. அந்த மண்டை ஓடுகளை வரைந்தே பெரும் புகழ் அடைந்தார்.

1932-ல் ஒரு வெள்ளை ஊமத்தம் பூவை வரைந்தார். அந்தப் படம் 2014-ல் 4 கோடியே 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது!

பேய்ப் பண்ணை

மனவேதனை அவரை விடவில்லை. 1933-ல் நரம்புத் தளர்ச்சியால் ஆஸ்பத்திரியில் படுத்தார். மறு ஆண்டே மீண்டும் பாலைவனம்! அங்கே 'பேய்ப் பண்ணை' என்று ஓர் இடம். பெயரைக் கேட்டால் நடுங்கும். ஓகீப் 1940-ல் அங்கேயே வீடு வாங்கினார்.

அங்கிருந்து சுமார் 150 மைல் தூரத்தில் கரிய குன்றுகள் உண்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் யானைக் கூட்டம் போல் இருக்கும். அங்கும் காரில் போய், கூடாரம் அடித்துத் தங்கி வரைந்தார்.

ஆனாலும் கணவரை அவர் கைவிட்டு விடவில்லை. கோடையில் பாலைவனம், குளிர்காலத்தில் நியூயார்க். 1946-ல் கணவர் இறந்தார். 1949-ல்தான் பாலைவனத்தில் நிரந்தரமாகக் குடியேறினார்.

முதுமையில் கண் பார்வை மங்கியது. 1972-க்குப் பிறகு பிறர் துணை இல்லாமல் எண்ணெய் வர்ண ஓவியம் தீட்ட முடியவில்லை. களிமண்ணில் பானை வனைந்தார்.

1986-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, 98-வது வயதில் காலமானார்.

பண்ணை வீட்டு வாசலில் நின்றால் பெடர்னல் மலை தெரியும். உச்சி தட்டையான மலை. அதை ஓகீப் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். அவரது சாம்பலை அந்த மலை உச்சியில்தான் தூவினார்கள்.