காயங்களைத் தைக்கப் போன தந்திகள்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கிற்றார் வைத்திருந்தவர்களுக்கு இருந்த பெரிய பயம், தந்தி அறுந்துவிடுமோ என்பதுதான். பற்றரியும் மண்ணெண்ணெயும் வராத ஊருக்குக் கிற்றார் தந்தி எங்கிருந்து வரும்? எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஒரேயொரு கிற்றார் இருந்தது. அதன் முதலாம் தந்தி அறுந்தபோது சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து, அதிலிருந்து ஓர் இழையை எடுத்து நான்தான் கட்டினேன். சத்தம் வந்தது. எல்லோருக்கும் சந்தோசம். பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் அறுந்தன. அவற்றுக்கும் அதே வைத்தியம்தான். சில கிழமைகளில், தந்திகளைக் கட்டியிருக்கும் மரப்பாலம் பலகையை விட்டுப் பிய்ந்து வந்துவிட்டது.

அது நைலோன் தந்திக்கென்று செய்யப்பட்ட கிற்றார் என்பது பல வருடங்களுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. உருக்குக் கம்பிகள் ஆறும் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். மெல்லிய பலகையில் பசையால் மட்டும் ஒட்டிய பாலம் அதைத் தாங்காது. கிற்றாருக்கு நைலோன் எப்படி வந்தது என்று தேடப்போன இடத்தில்தான் அன்ட்ரெஸ் செகோவியாவின் வாழ்க்கை எனக்கு அறிமுகமானது. அந்தக் கதைக்குள்ளும் போர் இருந்தது.

செகோவியா 1893இல் ஸ்பெயினின் தெற்கே லினாரெஸ் என்ற ஊரில் பிறந்து, கிரனாடாவில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் கிற்றார் மதுக்கடைக்கும் தெருவுக்கும் உரிய வாத்தியமாகவே பார்க்கப்பட்டது. அதைப் பியானோவுக்கும் வயலினுக்கும் சமமாகப் பெரிய மேடையில் ஏற்ற வேண்டும் என்பது அவரது பிடிவாதம். தனக்குத் தானே ஆசிரியராக இருந்து கற்றதாகவே அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டார். 1924இல் பாரிஸ், 1928இல் நியூயோர்க் என்று அவர் போன மண்டபங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. ஒலிபெருக்கியை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. கடைசி வரிசைக்கும் வெறும் பலகையின் சத்தமே போய்ச்சேர வேண்டும்.

இங்கேதான் தந்தியின் சிக்கல் தொடங்குகிறது. அப்போது கிற்றாரின் மெல்லிய தந்திகள் மூன்றும் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்யப்பட்டவை. தடித்த மூன்றும் பட்டுநூலின் மேல் உலோக இழை சுற்றியவை. குடல் தந்தியின் ஓசை இனிமையானது, விரலுக்கும் இதமானது. ஆனால் ஆயுள் குறைவு. காற்றில் ஈரம் கூடினால் சுருதி ஓடும், வறண்டால் அறுந்துபோகும். ஒரு தந்தி முழு நீளத்துக்கும் ஒரே தடிப்பில் இருப்பதுமில்லை. அதனால் திறந்து மீட்டும்போது சரியாக இருக்கும் சுருதி மேலே போகப் போகப் பிசகும்.

இதற்கு மேல் நகப் பிரச்சினை. அவருக்கு முந்திய மேதை ரறேகா தன் பிற்காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரற்சதையால் மட்டுமே வாசித்தார். அவரது மாணவர் எமிலியோ பூஜோலும் அந்த வழியிலேயே போனார். சதையால் மீட்டினால் குடல் தந்தி கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், ஆனால் சத்தம் சிறிது. செகோவியா நகத்தையும் சதையையும் சேர்த்து மீட்டினார். ஒரே தந்தியில் பல நிறங்களில் ஓசை எழுப்பியதும், பெரிய மண்டபத்தை நிறைத்ததும் அந்த முறையால்தான். அதற்கு விலையாக நகம் பட்டுப் பட்டுக் குடல் தந்தி பிசிறு கிளம்பி அறுந்தது. இவ்வளவு அருமையான கையை உடைய மனிதர் எந்த நேரம் அறுமோ என்ற பயத்தோடு மேடையில் இருந்திருக்கிறார் என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அப்போது அவர் பார்சலோனாவில் இருந்தார். வீட்டை விட்டு வெளியேறினார். விட்டுச்சென்ற வீடு சூறையாடப்பட்டது. உருகுவேயின் தலைநகர் மொன்ரிவிடியோவில் குடியேறி, பல வருடங்கள் தென்னமெரிக்காவிலேயே வாசித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டை இழந்து புலம்பெயர்ந்தவர் என்றதும் அவரை எங்களில் ஒருவராக நினைக்க மனம் போகும். எனக்கும் போனது. ஆனால் செகோவியா பிராங்கோவின் பக்கம் நின்றவர். மெக்சிக்கோ இசையமைப்பாளர் மனுவேல் பொன்சேக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1989இல் வெளிவந்தபோது அது எல்லோருக்கும் தெரியவந்தது. செலோ மேதை பப்லோ கசல்ஸ், பிராங்கோ ஆளும் நாட்டுக்குத் திரும்பமாட்டேன் என்று இறுதிவரை வெளியே இருந்தார். செகோவியா ஐம்பதுகளில் திரும்பிப்போய் வாசித்தார். அவரது இசையை நான் கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் கேட்கும்போது இதுவும் நினைவுக்கு வரும்.

பிறகு இரண்டாம் உலகப் போர். தந்தியாகும் அதே குடல்தான் சத்திரசிகிச்சையில் காயம் தைக்கும் நூலாகவும் பயன்பட்டது. உடலுக்குள் தானாகக் கரைந்துவிடும் என்பதால் அதற்குப் பெரிய தேவை இருந்தது. காயப்பட்டவர்கள் பெருகப் பெருக, குடல் எல்லாம் வைத்தியசாலைகளுக்குப் போனது. வாத்தியக்காரருக்குத் தந்தி இல்லை. தைக்க நூலும் மருந்தும் போதாமல் வைத்தியர்கள் தவித்த நாட்களைப் பார்த்த எங்களுக்கு, இதில் எது முதலில் போகவேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. செகோவியாவும் கிடைத்ததைக் கட்டி வாசித்தார்.

நைலோன் அப்போது புதிது. அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் 1938இல்தான் அதை அறிவித்தது. பெண்களின் காலுறைக்கென்று சந்தைக்கு வந்த நைலோன், போர் தொடங்கியதும் பரசூட்டுக்குப் போனது. நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்ரின் என்ற வாத்தியம் செய்பவர், படையினரின் மிச்சப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் நைலோன் இழையைக் கண்டு அதைக் கிற்றாரில் கட்டிப் பார்த்தார் என்பது அவரது நிறுவனம் சொல்லிவரும் கதை. என் பிரேக் கம்பியின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம், அவருடையது பலித்தது. செகோவியா அவரோடு சேர்ந்து, வாசித்துப் பார்த்துக் குறை சொல்லச் சொல்லத் தந்தி திருந்தியது. மெல்லிய மூன்றுக்கும் ஒற்றை நைலோன் இழை. தடித்த மூன்றுக்கும் பட்டுக்குப் பதிலாக நுண்ணிய நைலோன் நூற்கற்றை, அதன் மேல் வெள்ளி பூசிய செப்பு இழை. நாற்பதுகளின் முடிவுக்குள் அது விற்பனைக்கு வந்தது. குடலின் இனிமையில் கொஞ்சம் போனது உண்மைதான். ஆனால் நகம் அதை அறுக்கவில்லை, ஈரம் அவ்வளவாகக் குழப்பவில்லை. போர் முடிந்து குடல் தந்தி திரும்பக் கிடைத்தபோதும் பெரும்பாலான கிற்றார் கலைஞர்கள் அதனிடம் திரும்பிப் போகவில்லை.

செகோவியா 1987 ஜூன் 2ஆம் திகதி மட்ரிட்டில் 94ஆவது வயதில் இறந்தார். அவர் நெடுங்காலம் வாசித்த 1912ஆம், 1937ஆம் ஆண்டுக் கிற்றார்கள் இரண்டும் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

போன மாதம் என் மருமகள் புதுக் கிற்றார் ஒன்றோடு வந்தாள். நான் முதலில் பார்த்தது பாலத்தைத்தான். தந்தியை முடிச்சுப் போட்டுக் கட்டும் பாலம் என்றால் நைலோன் மட்டும். முளை ஆணி வைத்து இறுக்குவது என்றால் உருக்கு. அவளுடையது நைலோன். கடற்கரைப் பக்கத்து வீடு, உப்புக் காற்று. விரல் வியர்வையும் சேர்ந்து உலோகம் சுற்றிய மூன்று தந்திகளையும் சீக்கிரம் கறுக்கப்பண்ணும், ஓசை மந்தமாகும். மெல்லிய மூன்றும் அதைவிட நெடுநாள் தாங்கும். புதுத் தந்தி சில நாட்கள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும், சுருதி நிற்கவில்லை என்று பதறக்கூடாது. வாசித்து முடிய ஒரு பருத்தித் துணியால் துடைத்து வை என்று சொன்னேன். விரல் நோகுது என்றாள். இறுக்கம் குறைந்த செட் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். சத்தம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வீட்டு விறாந்தைதானே அவளுக்கு இப்போதைக்கு மேடை.