சந்திரலேகா: பரதத்தில் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்

சுவா, சிரம்பான் பக்கம் பரதம் கத்துக்கிறீங்களா? அப்போ சந்திரலேகாவைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

1928-ல் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றார்.

1952-ல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. ஆனா மேடையில் அவர் அபிநயம் பிடித்ததோ, பெருகி ஓடும் யமுனைத் தண்ணீரை! ஆடிக்கொண்டிருக்கும்போதே வெடித்துக் கிடக்கும் வறண்ட நிலம் மனசில் வந்து நின்றது. அந்த உறுத்தல் கடைசிவரை போகவே இல்லை.

பேரும் புகழும் இருந்தும் பின்னர் மேடையை விட்டார். போஸ்டர் வடிவமைத்தார், பெண்கள் இயக்கங்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1982-ல் அவர்மேல் தேசத்துரோக வழக்குகூடப் பாய்ந்தது, பிறகு கைவிடப்பட்டது.

1985-ல் 'அங்கிகா'வோடு திரும்பினார். பரதம், களரி, யோகா மூன்றும் அதில் உண்டு. சாமிக் கதை கிடையாது, பளபள நகை கிடையாது. பலருக்கு அது பிடிக்கல. பின்னர் வந்த 'ஸ்ரீ'யில் பெண்கள் முதுகு வளைந்து, குனிந்தபடியே நகர்வார்கள். யார் அழுத்துகிறார்கள் என்று வசனம் போட்டுச் சொல்லத் தேவையே இல்லை.

2006 டிசம்பரில் சென்னையில் காலமானார். கடைசிப் படைப்பான 'சரீரா' அதன் பிறகும் பல நாடுகளில் மேடையேறியது.